மூன்றாவது கேள்வி

அவரிடம் யாராவது "வெளிய மழை பெய்யுது சார்" என்று சொன்னால் போதும், "நனைஞ்சீங்களா, சத்தம் கேட்டுச்சா?" என்று கேட்பார். கிண்டல் கிடையாது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். நனைந்தவன் சொல்லும் மழை வேறு, தகரத்தில் சத்தம் கேட்டவன் சொல்லும் மழை வேறு என்பது அவர் கட்சி. தகரத்தின் மேல் குரங்கு ஓடினாலும் சத்தம் கேட்கும் அல்லவா?

திண்டுக்கல்லில் லஞ்ச ஒழிப்பு அதிகாரியாக இருந்தவர். வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. ஏன் போனார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. இத்தனைக்கும் அவர் வாயாலேயே காரணத்தைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

நான் வேளாண்மை அலுவலகத்தில் உதவியாளர். லஞ்சம் வாங்குகிறவரைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகும்போது, சம்பந்தமில்லாத வேறு அலுவலகத்திலிருந்து இரண்டு பேரைச் சாட்சியாகக் கூட்டிப் போவார்கள். அதற்கான கடிதம் காலையில் வரும். வந்த அடுத்த நிமிஷம் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். ஒருத்தர் பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னொருத்தர் கொழுந்தியாளுக்கு வளைகாப்பு. போனால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும், நாலைந்து வருஷம் கழித்துக் கோர்ட்டுக்கு அலையவேண்டும், மாட்டிக்கொண்டவரின் சொந்தபந்தம் எல்லாம் நம்மை முறைக்கும். நான் அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தேன். சொல்வதற்குக் காரணம் ஒன்றும் தயாராக இல்லாததால் என்னை அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் அவரை முதலில் பார்த்தேன். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் இரண்டு பேனா. ரூபாய் நோட்டில் ஒரு பவுடரைத் தடவிக் கொடுத்தனுப்புவார்கள் என்றும், அதைத் தொட்டவர் விரலைச் சோடாக் கரைசலில் நனைத்தால் தண்ணீர் ரோஸ் நிறமாக மாறும் என்றும் எங்களுக்கு விளக்கினார். பிறகு ஒரு காவலரைப் பவுடர் தடவிய காகிதத்தைத் தொடச் சொல்லி, கண்ணாடி டம்ளரை என் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"தண்ணி என்ன நிறம்மா?"

"ரோஸ் சார்."

"இன்னும் கைய விடலியேம்மா."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பரவாயில்ல. எல்லாரும் இப்படித்தான். நமக்குத் தெரிஞ்சதை, பாத்த மாதிரியே சொல்லிருவோம். இப்பப் பாருங்க" என்றார். காவலர் விரலை நனைத்தார். தண்ணீர் ரோஸாகத்தான் மாறியது. மறுபடி என்ன நிறம் என்று கேட்டார், சொன்னேன். யார் கை என்று கேட்டார், சொன்னேன். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பாத்துச் சொல்றீங்களா, அப்படித்தான் இருக்கும்னு சொல்றீங்களா?" என்றார்.

எங்கே போனாலும் அவருக்கு அந்த மூன்று கேள்விதான். என்ன நடந்தது, யார் செய்தது, மூன்றாவதாக இது. முதல் இரண்டு கேள்விக்கும் மளமளவென்று பதில் சொன்னவர்கள் மூன்றாவதில் திணறுவதை நானே பார்த்திருக்கிறேன். ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து ஒரு தக்காளி விவசாயி, அதிகாரி ஒருத்தர் காசு வாங்கிவிட்டார் என்று கொதித்துக்கொண்டு வந்திருந்தார். இவர் தன் மூன்று கேள்வியையும் கேட்டார். விவசாயி தலையைச் சொறிந்துகொண்டு, "அவரு கேக்கலீங்க. எல்லாருமே குடுக்கறாங்களேன்னு நானும் மேசை மேல வெச்சுட்டு வந்துட்டனுங்க" என்றார். "அப்ப நான் யாரைப் பிடிக்கிறது? உங்களையா?" என்று கேட்டு, மோர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அந்த ஆள் படியிறங்கும்போது அவரைத் திட்டிக்கொண்டே போனார்.

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி வீட்டுத் தோட்டத்துக்கு விதை வாங்க எங்கள் அலுவலகத்துக்கு வருவார். அப்படிப் பழக்கம். "குழம்புல உப்பு சரியா இருக்கான்னு கேட்டா, என் வாய்க்குச் சரியா இருக்கும்பாருக்கா. நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை இத்தன வருசத்துல வாங்குனதில்ல" என்று ஒரு தடவை சொல்லிச் சிரித்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வந்த மாப்பிள்ளை அவருக்குத் தெரிந்த குடும்பம். பையன் எப்படி என்று விசாரித்தவர்களிடம், "ரெண்டு தடவ பாத்திருக்கேன். ரெண்டு தடவையும் சாப்பிட்டுட்டு இருந்தாப்ல" என்றாராம். அந்தச் சம்பந்தம் முறியாமல் தப்பியதே பெரிய காரியம்.

ஆனால் கல்நெஞ்சக்காரர் இல்லை. பிடிபட்டவரை "உக்காருங்க" என்றுதான் சொல்வார். தண்ணீர் கொடுப்பார். டிவிக்காரர்கள் வருவதற்கு முன்னால், "வீட்டுல நீங்களே சொல்லிருங்க, அடுத்தவங்க சொல்லித் தெரிய வேணாம்" என்று போனைக் கையில் கொடுப்பார். அப்படி ஒரு மனிதர் தன் மனைவியிடம் பேசியதைக் கேட்டு நான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் எனக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

மூன்றாவது தடவை நான் சாட்சியாகப் போனதுதான் என் தலையில் இறங்கியது.

கன்னிவாடியிலிருந்து ஒரு முருங்கை விவசாயி. நிலத்தை உட்பிரிவு செய்து அளந்து கொடுக்க சர்வேயர் காசு கேட்கிறார் என்று புகார். புகாரைப் படித்துக் காட்டி, இந்த சர்வேயரைத் தெரியுமா என்று கேட்டார்கள். இனிஷியலும் பெயருமாக இருந்தது. தெரியாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பொய் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பெயர் நிஜமாகவே தெரியாது.

தாலுகா ஆபீசுக்கு வெளியே ஒரு ஜெராக்ஸ் கடை. சர்வேயர் மத்தியானத்தில் அதன் வாசலில்தான் உட்கார்ந்திருப்பாராம். நான் விவசாயியின் தங்கச்சி மாதிரி கூடப் போகவேண்டும், நடப்பதைப் பார்க்கவேண்டும். விவசாயி துண்டால் முகத்தைத் துடைத்தால் அதுதான் சைகை. அக்கம்பக்கத்தில் நிற்கும் ஆட்கள் ஓடிவருவார்கள், அவர் ரோட்டுக்கு எதிரே உரக்கடைக்குள் காத்திருப்பார் என்று ஏற்பாடு. கிட்டே போனோம். நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்தார். ஸ்டெல்லா வீட்டுக்காரர்.

ஸ்டெல்லாவும் நானும் கான்வென்ட் விடுதியில் ஒரே அறை. கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் ஒரே தெருவில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சேர்ந்து போவோம். அவள் புருஷனை எங்கள் வீட்டில் எப்போதும் 'ஸ்டெல்லா வீட்டுக்காரர்' என்றுதான் சொல்வோம். பழனிப் பக்கம் சர்க்கார் வேலை என்று தெரியும். பெயரை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதும் இல்லை. ஒரு மத்தியானம் என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது மாடியிலிருந்து அவரைத் தோளில் தூக்கி இறக்கியவர் அந்த மனிதர்தான். அப்பா அதற்குப் பிறகு ஏழு வருஷம் இருந்தார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஜெராக்ஸ் கடையில் தொங்கிய பலகையைப் படித்தேன். ஆதார் லேமினேஷன், வில்லங்கச் சான்று, பான் கார்டு திருத்தம். இரண்டாவது தடவையும் மேலிருந்து கீழே படித்தேன். அதற்குள் என் முதுகுக்குப் பின்னால் எல்லாம் முடிந்துவிட்டது. திரும்பியபோது விவசாயி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், நாலு பேர் ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.

விரலை நனைத்தார்கள். ரோஸ். ஸ்டெல்லா வீட்டுக்காரர் கத்தினார், "நான் கேக்கல சார்! இந்தாளு கையில திணிச்சுட்டான்!"

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "என்ன நடந்துச்சும்மா?"

"இவர் பணம் குடுத்தார், அவர் வாங்குனார் சார்."

"திணிச்சது இவரா, கைய நீட்டினது அவரா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஏன் பார்க்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். தெரியாதவர் என்று காலையில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேண்டியவரைக் காப்பாற்ற முகத்தைத் திருப்பினாள் என்பார்கள். அந்தப் பயத்தில், வேண்டியவருக்கு எதிராகவே வாய் சொல்லிவிட்டது. "அவர்தான் நீட்டினார் சார்."

மூன்றாவது கேள்விக்காக நின்றேன். அதைக் கேட்டிருந்தால் உடைந்திருப்பேன், சத்தியமாக உடைந்திருப்பேன். அவர் செத்த நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.

ஸ்டெல்லா வீட்டுக்காரர் சஸ்பெண்ட் ஆனார். ஸ்டெல்லா மாதா கோயிலில் இடம் மாறி உட்கார்ந்தாள், அப்புறம் வேறு கோயிலுக்கே போகத் தொடங்கிவிட்டாள். நாலு வருஷம் கழித்து எனக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாவது நாள் லஞ்ச ஒழிப்பு அலுவலகத்துக்குப் போய் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பாவைத் தூக்கி இறக்கியது, பலகையைப் படித்தது, ஒன்றையும் விடவில்லை. அவர் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, கேட்டுக்கொண்டிருந்தார்.

"கோர்ட்ல பாத்தா பாத்தேன்னு சொல்லுங்க. பாக்கலைன்னா பாக்கலைன்னு சொல்லுங்க."

"கேஸ் போயிருமே ஐயா."

"போகலாம்."

"உங்களுக்குக் கெட்ட பேர் வருமே."

"வருமா வராதான்னு இப்பவே எப்படிம்மா சொல்றது? இன்னும் வரலியே."

கோர்ட்டில் சொன்னேன். பார்க்கவில்லை என்றேன். பேச்சு மாறிய பிறழ்சாட்சி என்று எழுதிக்கொண்டார்கள். அரசு வக்கீல் என்னை நாய் மாதிரி கடித்துக் குதறினார். என் காரணத்தைச் சொல்ல வாயைத் திறந்தபோதெல்லாம் "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார்கள். ஸ்டெல்லா வீட்டுக்காரர் விடுதலையானார். மூன்று வாரத்தில் லஞ்ச ஒழிப்பு அதிகாரி ராஜினாமா. மூன்று வரிக் கடிதம், சொந்தக் காரணம் என்று.

அப்போது கிளம்பியதுதான் இந்தப் பேச்சு. மேலிடத்து நெருக்கடி என்றார்கள். தேர்தலில் நிற்கப் போகிறார் என்றார்கள். மனுஷனுக்கு உடம்பில் ஏதோ பெரிய வியாதி என்றார்கள். எல்லாவற்றையும்விட வேகமாகப் பரவியது வேறு: சர்வேயர் கேஸில் பெரிய தொகை கைமாறிவிட்டது, அவரே சாட்சியைக் கலைத்துவிட்டார், மேலிடத்துக்குத் தெரிந்து, விசாரணை வரும் முன்னால் கௌரவமாக ஒதுங்கிவிட்டார் என்று. ஆறு வருஷமாக அவரை ஐயா ஐயா என்றவர்கள் "அந்தாளு" என்று சொல்லக் கேட்டேன். சாட்சி சொல்லப் போவதற்கு முன்னால் நான் அவர் அலுவலகப் படியேறியதைப் பார்த்தவர்கள் வேறு இருந்தார்கள்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவும் அவள் வீட்டுக்காரரும் தட்டில் பழத்தோடு என் வீட்டு வாசலில் நின்றார்கள். ஸ்டெல்லா கட்டிக்கொண்டு அழுதாள். அவர் மெதுவாக, "அன்னைக்கு நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டத நான் பாத்தேன்க்கா. எங்களுக்காகத்தான்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார். எனக்கு உடம்பு கூசியது. "அந்த விவசாயி திணிச்சாரா, நீங்க நீட்டினீங்களா? எனக்கு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு ஆப்பிளை எடுத்து என் கையில் வைத்தார். "அதெல்லாம் இனிமே எதுக்குக்கா?"

என் ஒரு வார்த்தையால் ஒரு கெட்டவன் தப்பித்தானா, ஒரு நல்லவன் பிழைத்தானா, தெரியாது. ஆனால் ஒரு மனிதரின் பேர் போனது மட்டும் தெரிந்தது. பொறுக்க முடியாமல் வடமதுரைக்குப் பஸ் ஏறினேன். வேலையை விட்டபின் அவர் அங்கே, மனைவியின் ஊரில் குடியேறியிருந்தார். லுங்கியும் பனியனுமாகத் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எதுக்கும்மா இம்புட்டுத் தூரம்?"

"ஏன் ஐயா வேலைய விட்டீங்க?"

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"என்னென்னமோ சொல்றாங்க. நான் என்னாலதான்னு நினைக்கிறேன்."

அவர் குழாயைக் கீழே வைத்தார். "உங்களால இல்ல. அன்னைக்கு நான் எதிர்த்தாப்புல உரக்கடைக்குள்ள நின்னேன்ல? நீங்க திரும்பி நின்னதை அங்கருந்து பாத்தேன். நீங்க பாக்கலைன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் அந்தக் கேள்வியைக் கேக்காம விட்டேன். அந்தாளு வாங்குறவன்னு ஒரு நினைப்பு, விட்டா தப்பிச்சிருவான்னு. அப்படி எழுதுனவன் அந்த நாற்காலியில உக்காரக் கூடாது. அம்புட்டுதான். நீங்க இதைப் போட்டு மனசுல உழப்பிக்காதீங்க."

பஸ்ஸில் திண்டுக்கல் வரும்வரை அழுதேன். நாலரை வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் அது. பக்கத்து சீட்டு அம்மாள், "யாரும் தவறிட்டாங்களாத்தா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அந்த நிம்மதி சரியாக ஒரு ராத்திரி தாங்கியது.

விடிந்ததும் என்னவோ உறுத்தியது. மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டு அந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பலகை அதே பலகை. அன்றைக்கு நான் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். பிறகு ரோட்டைத் தாண்டி உரக்கடைக்குள் போய் நின்று பார்த்தேன். ஜெராக்ஸ் கடை தெரியவில்லை. நடுவில் டிரான்ஸ்ஃபார்மரும் அதைச் சுற்றி ஆள் உயரச் சுவரும் இருந்தன. தராசு ஓரமாக நின்றேன். மூட்டைகளின் பக்கம் நகர்ந்து, எக்கியும் குனிந்தும் பார்த்தேன். கடைக்காரர் என் அலுவலகத்துக்கு வந்து போகிறவர்.

"என்னக்கா தேடுறீங்க?"

"இந்தச் சுவர் எப்பக் கட்டினது?"

"அது கெடக்கு எங்கய்யா கடை போட்ட காலத்துலருந்து."

வெகு நேரம் அங்கேயே நின்றேன். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லி என் பாரத்தை அவர் தலையில் ஏற்றிக்கொண்டாரா? அவரா? மழையைக்கூட நம்பாத மனிதரா? அல்லது அன்றைக்கு அந்த ஒரு நிமிஷத்தில் கடையைவிட்டு வெளியே வந்து நின்றிருந்தாரா? இருக்கலாம். நான்தான் பலகையைப் படித்துக்கொண்டிருந்தேனே, அவர் எங்கே நின்றார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் சொன்னது நிஜம் என்றால், நான் கும்பிட்ட மனிதர் தெரிந்தே ஒரு பொய்யை எழுதியவர். பொய் என்றால், அவர் ஏன் போனார் என்பது மறுபடியும் எனக்குத் தெரியாமல் போகிறது. இரண்டில் எது வேண்டும் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். கடைக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டார். உட்காராமல் வந்துவிட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாடு. ஆறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து டப்பாவைத் திறந்து, தொட்டுக்கொள்ள இருந்த வெஞ்சனத்தைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தோம். பேச்சு அவரிடம் போனது. "அந்தாளு வடமதுரையில தோட்டமே வாங்கிட்டாராம்ல" என்றார் சூப்பிரண்டு.

வடமதுரையில் அவர் என்னிடம் சொன்னதை நான் சொல்ல முடியாது. சொன்னால் அதுவே அவரை முடித்துவிடும். என்னுடையதை மட்டும்தான் சொல்ல முடியும். சொன்னேன். "அவர் யாரையும் கலைக்கல. அந்தக் கேஸ்ல நான்தான் சாட்சி. அன்னைக்கு நான் பாக்கவே இல்ல. பாத்தேன்னு பொய் சொன்னேன். கோர்ட்டுல சொன்னதுதான் நிஜம். காசு எதுவும் கைமாறல. அந்தக் கேஸ் போனதுக்கு நான்தான் காரணம்."

டைப்பிஸ்ட் பெண் என் தட்டில் பாதி முட்டையை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, உரிமையோடுதான் கேட்டாள்.

"உங்களுக்கு எம்புட்டுக்கா குடுத்தாங்க?"

இப்போதெல்லாம் எங்கள் அலுவலகத்தில் யாரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.